மூன்றாவது வரியையும் எழுதுங்கள்

சிங்காநல்லூரிலும் சுற்றுவட்டாரத்திலும் மரணக் காரணச் சான்று எழுதும் மருத்துவர்களுக்கு,

உங்களில் சிலர் காமராஜர் சாலை இஎஸ்ஐ மருத்துவமனையில் இருக்கிறீர்கள். சிலர் திருச்சி சாலையிலும் ஒண்டிப்புதூரிலும் இருகூரிலும் சொந்தமாக கிளினிக் நடத்துகிறீர்கள். சிலர் படித்துக்கொண்டே இரவுப் பணி பார்க்கும் ஹவுஸ் சர்ஜன்கள். மருத்துவமனையில் ஒருவர் இறந்தால் நான்காம் படிவத்திலும், வீட்டில் இறந்தால் 4அ படிவத்திலும் காரணம் எழுதிக் கையெழுத்துப் போடும் அதிகாரம் உங்களுக்கு மட்டும்தான் உண்டு. நான் அந்தப் படிவங்களைப் படித்து, எழுதியிருக்கும் நோய்க்குரிய உலகக் குறியீட்டு எண்ணைத் தேடிப் பக்கத்தில் போடும் வேலையைச் செய்து ஓய்வுபெற்றவன். என் அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. அந்த இரண்டு உரிமையில்தான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன்.

படிவத்தின் முதல் வரியில் ‘கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்’ என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடாதீர்கள். இரண்டாவது வரியையும் மூன்றாவது வரியையும் எழுதுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். படிவத்தின் முதல் பகுதியில் (அ), (ஆ), (இ) என்று மூன்று வரிகள். உயிர் பிரியக் காரணமாக இருந்தது எதுவோ அது (அ). அதைக் கொண்டுவந்தது (ஆ). எல்லாவற்றுக்கும் முதலில் உடம்பில் குடியேறிய நோய் (இ). ஒவ்வொன்றும் எத்தனை நாளாக, எத்தனை வருடமாக இருந்தது என்று குறிக்கப் பக்கத்தில் ஒரு கட்டம். கூடவே இருந்து உடம்பைக் கெடுத்த பிற நோய்களுக்கு இரண்டாம் பகுதி. சர்க்கரை நோயாளி ஒருவர் காலில் புண் வந்து, அது அழுகி, விஷம் ரத்தத்தில் ஏறி இறந்தால் (அ)-வில் ரத்தத்தில் பரவிய தொற்று, (ஆ)-வில் கால் அழுகல், (இ)-யில் பதினெட்டு வருடச் சர்க்கரை. புள்ளிவிவரத்தில் ஒரு மரணத்துக்கு ஒரு காரணம்தான் ஏறும். அது இந்தச் சங்கிலி எங்கே தொடங்கியதோ அந்த நோய். மூன்று வரியும் இருந்தால் அந்த மரணம் சர்க்கரைக் கணக்கில் சேரும். இதயம் நின்றது என்ற ஒற்றை வரி மட்டும் இருந்தால் ஐ 46 என்ற எண்ணைத் தவிர வேறு எதையும் போட எங்களுக்கு வழியில்லை. இறந்த எல்லோருக்கும் இதயம் நின்றுதான் போயிருக்கிறது. இதயம் செயலிழந்தது, உடல் தளர்ந்தது என்று சாகும் விதத்தை எழுதாதீர்கள், நோயை எழுதுங்கள் என்று படிவத்திலேயே அச்சடித்திருக்கிறார்கள். அந்தப் பொடி எழுத்தை யாரும் படிப்பதில்லை.

இந்த மூன்று வரியை நம் மாநகராட்சியோ மாநில அரசோ கண்டுபிடிக்கவில்லை. 1853-ல் பிரஸ்ஸல்ஸில் கூடிய புள்ளிவிவர மாநாட்டில், ஒரு நாட்டு மரணத்தை இன்னொரு நாட்டு மரணத்தோடு ஒப்பிட வேண்டுமானால் நோய்களுக்கு ஒரே பட்டியல் வேண்டும் என்று பேசினார்கள். இங்கிலாந்தின் இறப்புப் பதிவேடுகளை அதற்குள் பல வருடம் அலசியிருந்த வில்லியம் ஃபார் பட்டியல் தயாரிக்கும் இருவரில் ஒருவரானார். 1893-ல் பாரிஸைச் சேர்ந்த ஜாக் பெர்ட்டியோன் சிகாகோவில் முன்வைத்த பட்டியலைப் பல நாடுகள் ஏற்றன. 1948-ல் உலக சுகாதார நிறுவனம் அதைத் தன் பொறுப்பில் எடுத்தபோது, பட்டியலோடு சேர்த்து மரணச் சான்றுக்கும் ஒரே மாதிரியான படிவத்தைக் கொண்டுவந்தது. சிங்காநல்லூரில் நள்ளிரவில் நீங்கள் நிரப்புவதும் ஒசாகாவிலும் லிமாவிலும் உங்களைப் போன்ற ஒருவர் நிரப்புவதும் ஒரே கேள்விகள்தான்.

ஜப்பானில் நடந்ததை எங்கள் வேலைக்கு வருகிற புதியவர்களுக்கு நான் தவறாமல் சொல்வேன். அங்கேயும் டாக்டர்கள் சான்றில் இதயம் செயலிழந்தது என்று எழுதிப் பழகியிருந்தார்கள். 1995-ல் புதிய படிவம் வந்தது. நோயின் கடைசிக் கட்ட நிலையாக இதயச் செயலிழப்பு, மூச்சுச் செயலிழப்பு என்று எழுதக் கூடாது என்ற குறிப்பு அதில் இருந்தது. அந்த ஒரு குறிப்பால் நாட்டின் இதய நோய் மரண எண்ணிக்கை சட்டென்று இறங்கியது, பக்கவாத எண்ணிக்கை ஏறியது. ஒரே வருடத்தில் ஜப்பானியர்களின் இதயம் பலமாகிவிடவில்லை. டாக்டர்கள் எழுதும் விதம் மாறியது, அவ்வளவுதான். அதற்கு முன்பு அந்த எண்களை வேறு நாட்டு எண்களோடு வைத்துப் பார்த்து, இவர்கள் சாப்பாடு இப்படி, அவர்கள் சாப்பாடு அப்படி என்று பேசியவர்கள் பாதி நேரம் பேனாப் பழக்கத்தைத்தான் ஒப்பிட்டிருக்கிறார்கள்.

நாடுகளுக்கிடையே நோய்ச் சுமையை ஒப்பிடும் மிகப் பெரிய கணக்கு இன்று அமெரிக்காவின் சியாட்டிலில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நடக்கிறது. 1993-ல் உலக வங்கியின் அறிக்கையோடு உலகத்தின் கண்ணில் பட்ட கணக்கு அது. இதயம் நின்றது, முதுமை, மூச்சு நின்றது போன்ற பதில்களை அவர்கள் குப்பைக் குறியீடுகள் என்றே அழைக்கிறார்கள். கடுமையான பெயர்தான், ஆனால் கோபப்பட நமக்கு நியாயமில்லை. அந்தக் குப்பையில் விழுந்த மரணங்களை அவர்கள் கணித மாதிரிகளால் பிரித்து இத்தனை சர்க்கரைக்கு, இத்தனை மாரடைப்புக்கு, இத்தனை நுரையீரல் நோய்க்கு என்று திரும்பப் பங்கிடுகிறார்கள். வேறு எங்கோ நன்றாக எழுதப்பட்ட சான்றுகள் அந்தப் பங்கீட்டுக்குப் பாடம். ஆக, சிங்காநல்லூர்க்காரர் எதனால் இறந்தார் என்று நீங்கள் எழுதாமல் விட்டதை, அவரை ஒருநாளும் பார்க்காத ஒரு கணினி யூகித்து எழுதுகிறது. அந்த யூகம்தான் அழகான வண்ணப் படமாகி நம் செய்தித்தாளில் வருகிறது. அதைப் பார்த்துத்தான் திட்டம் போடுகிறார்கள், பணம் ஒதுக்குகிறார்கள்.

இந்தியாவில் 2020-ல் பதிவான இறப்புகளில் மருத்துவச் சான்றோடு காரணம் கிடைத்தது 22.5 சதவீதத்துக்குத்தான். தமிழ்நாடு அந்தச் சராசரிக்கு மேலே இருந்தது, ஆனால் பாதியைத் தொடவில்லை. அந்தச் சான்றுகளிலும் எத்தனையில் உருப்படியான நோய்ப் பெயர் இருக்கிறது என்று பார்த்தால் மிச்சம் இன்னும் குறையும். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக, சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஐசிஎம்ஆரோடு சேர்ந்து நடத்திய ஆய்வு 2023-ல் சொன்னது. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துப் பார்த்த ஆய்வு அது. உயிரோடு இருப்பவர்களை அவ்வளவு பாடுபட்டு எண்ணிவிட்டு, அவர்களில் யார் அந்த நோயாலேயே இறக்கிறார்கள் என்ற கேள்விக்கு வரும்போது நாம் கையை விரிக்கிறோம்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். எனக்கு மனசில் அதிகம் உறுத்துவது இதுதான்.

சிங்காநல்லூர் பஞ்சாலைகளால் வளர்ந்த ஊர். 1981-ல் கோவை மாநகராட்சியோடு சேர்வதற்கு முன் இது தனி நகராட்சியாக இருந்தது. தமிழ்நாட்டில் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இஎஸ்ஐ 1955-ல் முதன்முதலாகத் தொடங்கியது கோவையில். இங்கே அவ்வளவு மில் தொழிலாளர்கள் இருந்தார்கள். ப்ளோரூமிலும் கார்டிங்கிலும் வேலை பார்த்தவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது புருவமும் மீசையும் வெள்ளையாக இருக்கும். பஞ்சைப் பிரித்து, உதறி, சிக்கெடுக்கும் இடத்தில் பறக்கும் தூசு மூச்சோடு உள்ளே போகும். வருடக்கணக்கில் அதைச் சுவாசித்தவர்களுக்கு வருவது பிசினோசிஸ். தொடக்கத்தில் அதற்கு ஓர் அடையாளம் உண்டு. வார விடுமுறை முடிந்து வேலைக்குப் போன முதல் நாள் நெஞ்சு இறுகும், மூச்சு முட்டும், பிறகு வாரம் போகப்போகக் குறையும். பல வருடம் போனால் எல்லா நாளும் முதல் நாள் மாதிரியே ஆகிவிடும். அந்த நிலையில் எக்ஸ்ரேயில் தனியாக ஒன்றும் தெரியாது. பீடி பிடித்தவரின் நாள்பட்ட மூச்சு நோய்க்கும் இதற்கும் வித்தியாசம் காண, என்ன வேலை பார்த்தீர்கள் என்று வாய் திறந்து கேட்பது ஒன்றுதான் வழி.

இங்கிலாந்தின் லங்காஷயரில் இந்த நோய் எப்படி வெளிச்சத்துக்கு வந்தது என்று பாருங்கள். அங்கே இறப்புப் பதிவில் காரணத்தோடு தொழிலையும் எழுதினார்கள். பத்தாண்டுக்கு ஒருமுறை தொழில்வாரியாக இறப்பு அட்டவணை போட்டார்கள். கார்டிங் அறைகளில் வேலை பார்த்தவர்கள் மூச்சு நோயால் கூடுதலாக இறப்பது அட்டவணையில் தெரிந்தது. 1940-களின் தொடக்கத்தில் நஷ்ட ஈட்டுத் திட்டம் வந்தது. 1950-களில் ரிச்சர்ட் ஷில்லிங் என்ற மருத்துவர் மில் மில்லாகப் போய், வேலைக்குத் திரும்பும் முதல் நாள் மூச்சிறுக்கத்தை வைத்தே நோயைப் படிப்படியாகத் தரம் பிரித்தார். எல்லா நாட்டிலும் ஒரே கேள்வியைக் கேட்கலாம் என்ற நிலை அதனால் வந்தது. தங்கள் நாட்டில் இந்த நோயே இல்லை என்று நெடுங்காலம் சாதித்த அமெரிக்க மில் முதலாளிகளிடம் அதே கேள்வியோடு போனபோது நோய் அங்கேயும் இருந்தது. 1978-ல் அமெரிக்கா பஞ்சுத் தூசுக்குச் சட்டப்படி வரம்பு விதித்தது. ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் அது நடந்தது. இன்னொரு நாட்டுத் தொழிலாளியின் மரணம் ஒழுங்காக எழுதப்பட்டிருந்ததால் தங்கள் நாட்டில் எழுதப்படாதது தெரியவந்தது.

நம்மிடம் பிசினோசிஸ் சட்டப்படியான தொழில்சார் நோய்ப் பட்டியலிலேயே இருக்கிறது. குறியீட்டுப் புத்தகத்தில் அதற்கு ஜே 66 என்று இடம் ஒதுக்கியிருக்கிறது. ஆனால் நான் வேலை பார்த்த காலம் முழுவதும் அந்த எண்ணைப் போடும் வாய்ப்பு எனக்கு ஒருமுறைகூட வரவில்லை. கோவையில், பஞ்சாலைகளுக்கு நடுவில் இருந்துகொண்டு! என் அப்பா கார்டிங்கில் இருந்தவர். கடைசி வருடங்களில் இரண்டு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவார். அவர் இறந்த மருத்துவமனையின் படிவத்தில் மூச்சு நின்றது என்று ஒரே வரி. அவர் எங்கே வேலை பார்த்தார் என்று யாரும் கேட்கவில்லை. அவருடைய மரணம் எந்த நாட்டு அட்டவணையிலும் பஞ்சோடு சேர்ந்து நிற்காது.

இது பழைய கதை என்று நினைத்துவிடாதீர்கள். திருச்சி சாலையின் கம்போடியா மில் உட்பட மத்திய அரசின் தேசிய ஜவுளிக் கழக (என்டிசி) மில்கள் 2020 ஊரடங்கோடு நின்றன. அதற்கு முன்பே பல தனியார் மில்கள் மூடி, அந்த இடங்களில் அடுக்குமாடி வந்துவிட்டது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அந்தத் தூசைச் சுவாசித்த தலைமுறை இப்போதுதான் இறந்துகொண்டிருக்கிறது. உங்கள் வார்டுகளில், உங்கள் கிளினிக் பெஞ்சில், ஆக்சிஜன் சிலிண்டரோடு வீட்டுத் திண்ணையில் அவர்கள் இருக்கிறார்கள். இன்னும் பத்துப் பதினைந்து வருடத்தில் அவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பெயர் வாங்கிய ஊரின் நுரையீரலை அசல் மான்செஸ்டரின் நுரையீரலோடு வைத்துப் பார்க்க இந்தப் பத்துப் பதினைந்து வருடம்தான் மிச்சம். (இ) வரியில் ‘நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய், இருபது வருடம்’ என்றும், இரண்டாம் பகுதியில் ‘பஞ்சாலை கார்டிங் பிரிவில் இருபத்தைந்து வருட வேலை’ என்றும் எழுதினால் போதும். பிசினோசிஸ் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால் அதையே எழுதுங்கள்.

இறப்பு அறிக்கையான இரண்டாம் படிவத்தில் தொழிலுக்கு ஒரு கட்டம் ஏற்கெனவே இருக்கிறது. புகை, புகையிலை மெல்லுதல், பாக்கு, மது, ஒவ்வொன்றும் எத்தனை வருடப் பழக்கம் என்று கேட்கும் கட்டங்களும் இருக்கின்றன. வார்டு கிளார்க் அவசரத்தில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டுவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டங்களுக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்களுக்கு நான் சென்னையைக் காட்டுவேன்.

1990-களில் சென்னையில் டாக்டர் வேந்தன் கஜலட்சுமி, ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் பீட்டோவோடு சேர்ந்து ஒரு வேலையில் இறங்கினார். 1995 முதல் 1997 வரை சென்னையில் நோயால் இறந்த 48,000 பெரியவர்களின் வீடுகளுக்குப் பயிற்சி பெற்ற ஆட்களை அனுப்பினார். டாக்டர்கள் அல்லாத சாதாரணப் பட்டதாரிகள் அவர்கள். கடைசி நாட்களில் என்ன செய்தது, காய்ச்சல் இருந்ததா, இருமலில் ரத்தம் வந்ததா, கை கால் இழுத்ததா என்று வீட்டாரிடம் பொறுமையாகக் கேட்டு எழுதி வந்தார்கள். அதைப் படித்து டாக்டர்கள் காரணம் தீர்மானித்தார்கள். 25 முதல் 69 வயதுக்குள் இறந்தவர்களில், மாநகராட்சிப் பதிவில் காரணம் தெளிவில்லாமலோ தெரியாமலோ இருந்த மரணங்கள் 54 சதவீதம். வீட்டாரிடம் கேட்ட பிறகு அது 23 சதவீதமாக இறங்கியது. கேட்டதால் மட்டும்!

அடுத்து சென்னையையும் விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களையும் சேர்த்து, இறந்துபோன 43,000 ஆண்களின் புகைப் பழக்கத்தை உயிரோடு இருக்கும் 35,000 பேரின் பழக்கத்தோடு ஒப்பிட்டார்கள். 2003-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. காசநோயால் இறக்கும் இந்திய ஆண்களில் பாதிப் பேரின் மரணத்துக்குப் புகைப்பழக்கமும் காரணம். மேல்நாடுகளில் சிகரெட் என்றால் நுரையீரல் புற்றுநோய் என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த பாடம். அவர்கள் ஊரில் காசநோய் கிட்டத்தட்ட ஒழிந்துபோயிருந்ததால் பீடிக்கும் காசத்துக்கும் உள்ள உறவு அவர்கள் கணக்கில் தெரியாது. அது தெரிய விழுப்புரத்துக் குடிசை வாசல் தேவைப்பட்டது. உலகம் தன் பாடப் புத்தகத்தைத் திருத்திக்கொண்டது தமிழ்நாட்டு மரணங்களை வைத்து. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஆனால் அத்தனை வீடுகளுக்கு அத்தனை பேர் நடந்தது, முதலில் எழுத வேண்டியவர்கள் எழுதாததால் என்பதையும் சேர்த்தே நினைக்கிறேன்.

கொரோனா காலத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2021 மே கடைசியில் தினசரித் தொற்றில் கோவை சென்னையையே தாண்டியது. மே 30 அன்று முதல்வர் பாதுகாப்பு உடை போட்டுக்கொண்டு இஎஸ்ஐ மருத்துவமனை வார்டுக்குள் வந்தார். நீங்கள் வீட்டுக்குப் போகாமல், குழந்தைகளைப் பார்க்காமல் வேலை பார்த்த நாட்கள் அவை. அந்த நேரத்தில் படிவத்தைப் பற்றி யார் உங்களிடம் குறை சொன்னாலும் நான் உங்கள் பக்கம்தான் நிற்பேன். ஆனால் பின்னால் நடந்ததைப் பாருங்கள். 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் 2020, 2021 இரண்டு வருடத்தில் உலகத்தில் 1.49 கோடி மரணங்கள் கூடுதலாக நடந்தன என்றது. இந்தியாவுக்கு 47 லட்சம் என்றது. நம் அரசுக் கணக்கு சுமார் 4.8 லட்சம். அரசு கடுமையாக மறுத்தது, கணித மாதிரி எங்களுக்குப் பொருந்தாது என்றது. யார் சொன்னது சரி என்று இரண்டு பக்கமும் பெரிய பெரிய நிபுணர்கள் வாதாடினார்கள். எல்லா மரணமும் பதிவாகி, எல்லாவற்றுக்கும் காரணம் எழுதப்பட்டிருந்தால் இந்த வழக்கே எழுந்திருக்காது.

பெரு நாடு வேறு மாதிரி செய்தது. 2021 மே 31 அன்று தன் கொரோனா மரணக் கணக்கைச் சுமார் 69,000-லிருந்து 1,80,000-க்கு மேல் தானே திருத்திக்கொண்டது. ஒரே நாளில், மக்கள்தொகைக்குப் பார்த்தால் உலகத்திலேயே அதிகம் பேர் செத்த நாடு என்ற இடத்துக்கு வந்தது. நாடுகளை வரிசைப்படுத்தும் பட்டியல்களில் இருக்கும் பெரிய அநியாயம் இது. உண்மையை எழுதியவன் மேலே தெரிவான், மறைத்தவன் கீழே பத்திரமாக இருப்பான். நம் மாநிலமும் 2020 ஜூலையில் சென்னையில் விடுபட்ட 444 மரணங்களைக் கணக்கில் சேர்த்தது. அன்று எதிர்க்கட்சிகளும் பத்திரிகைகளும் கேள்விகளால் துளைத்தன. என்னைக் கேட்டால் சேர்த்ததற்காகப் பாராட்டியிருக்க வேண்டும். படிவத்தில் சர்க்கரை, காசம், குடியால் கெட்ட கல்லீரல் என்று நீங்கள் ஒழுங்காக எழுதத் தொடங்கினால் கோவையின் எண்களும் முதல் சில வருடம் ஏறத்தான் செய்யும். அதைக் கண்டு மேலிடம் பதறினால், எழுதத் தொடங்கியதால் ஏறியது என்று சொல்லும் தைரியம் உங்களுக்கு வேண்டும்.

உங்கள் சங்கடங்கள் எனக்குத் தெரியாமலில்லை. இரவு இரண்டு மணிக்குக் கொண்டுவந்து போடுகிறார்கள், வரும்போதே உயிரில்லை, பழைய சீட்டு ஒன்றும் கையில் இல்லை. வாசலில் ஆம்புலன்ஸ்காரர் அவசரப்படுத்துகிறார். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ இங்கே மில்லுக்கோ பவுண்டரிக்கோ வேலைக்கு வந்த பையன் இறந்தால், கூட வந்த நான்கு பேருக்கும் தமிழ் தெரியாது, உடலை ஊருக்கு அனுப்பும் கவலை அவர்களுக்கு. நீலகிரியிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் கடைசி நேரத்தில் இங்கே கொண்டுவருபவர்களின் மரணமும் நம் மாநகராட்சியிலேயே பதிவாகிறது. வீட்டில் இறந்தவருக்கு மின்மயானத்தில் காட்ட ஒரு சீட்டு வேண்டும் என்று தெருக்காரர்கள் கிளினிக்குக்கு வந்து நிற்பார்கள். “வயசாயிருச்சுங்க, தூக்கத்துலயே போயிட்டாருங்க, ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க” என்பார்கள். அப்படி நிற்பவர்களிடம் ஐந்து நிமிடம் கேளுங்கள் என்கிறேன். மாத்திரைப் பை வீட்டில் இருந்தால் எடுத்துவரச் சொல்லுங்கள். என்ன மாத்திரை சாப்பிட்டார் என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும். எவ்வளவு கேட்டும் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுதுங்கள். அது கௌரவக் குறைவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதும் ஒரு சொல்லைவிட அது எங்களுக்கு எத்தனையோ மேல்.

இன்னொரு சங்கடம் கனமானது. “சுகர்னு எழுதாதீங்க சார், இன்சூரன்ஸ் வராது.” “குடின்னு போடாதீங்க, பொண்ணுக்கு வரன் பார்க்கறோமுங்க.” “டிபின்னு வேண்டாமுங்க.” இதைக் கேட்காத டாக்டர் நம் ஊரில் இருக்க முடியாது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ம் பிரிவுப்படி, பதிவாளர் கொடுக்கும் இறப்புச் சான்றிதழில் மரணக் காரணம் இருக்கவே கூடாது. வங்கியிலும் தாலுகா அலுவலகத்திலும் காட்டும் காகிதத்தில் அது வராது என்று சொல்லிப் புரியவையுங்கள். 2023-ல் சட்டத்தைத் திருத்தியபோது, எந்த மருத்துவமனையாக இருந்தாலும், நோய் வரலாறு இருந்தால் அதையும் சேர்த்துக் காரணச் சான்று எழுதிப் பதிவாளருக்குக் கட்டணமின்றிக் கொடுக்க வேண்டும், ஒரு நகலை நெருங்கிய உறவினருக்கும் கொடுக்க வேண்டும் என்றாக்கினார்கள். இதனால் சில வீடுகளில் வற்புறுத்தல் கூடும் என்பது உண்மை. ஆனால் அப்பா எதனால் போனார் என்று பிள்ளைகளுக்குத் தெரிவது அவர்கள் உடம்புக்கும் நல்லது என்பதையும் நீங்கள்தான் எடுத்துச் சொல்ல முடியும். கொரோனாவின்போது 50,000 ரூபாய் நிவாரணத்துக்காக அந்த ஒரு சொல் காகிதத்தில் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்ததையும் நம் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

நம் மாநிலத்தில் பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். விசாரணை, தணிக்கை, கலெக்டர் தலைமையில் கூட்டம், எந்த நேரத்தில் எங்கே தாமதம் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். இதை 1990-களிலேயே தொடங்கிய மாநிலம் இது. 2018-20 கணக்கில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு நாட்டில் 97 தாய்மார் இறந்தபோது தமிழ்நாட்டில் அது 54. கேரளத்தின் 19-ஐப் பார்த்து நம் அதிகாரிகள் வெட்கப்பட்டார்கள், நல்லது. அந்த அக்கறையில் நூறில் ஒரு பங்காவது ஐம்பத்திரண்டு வயதில் மூச்சு வாங்கிச் செத்த மில் தொழிலாளிக்கும் கிடைக்கட்டும் என்பதுதான் என் ஆசை. கலெக்டர் வர வேண்டாம். மூன்று வரி போதும்.

நடைமுறையில் செய்யக்கூடியதாகச் சில சொல்கிறேன், உங்களுக்குத் தோதாக மாற்றிக்கொள்ளுங்கள். ஹவுஸ் சர்ஜன்கள் வார்டுக்கு வரும் முதல் வாரத்திலேயே அரை மணி நேரம் ஒதுக்கி, பழைய படிவங்களைப் பெயரை மறைத்துக் கையில் கொடுத்து, இதில் (இ) எது என்று கேட்டுப் பழக்குங்கள். இஎஸ்ஐ மருத்துவமனையோடு மருத்துவக் கல்லூரியும் இருப்பதால் அங்கே இது சுலபம். அட்மிஷன் சீட்டில் ‘என்ன வேலை, எத்தனை வருடம்’ என்ற வரியை நோயாளி பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே நிரப்பிவிடுங்கள், கடைசி நேரத்தில் யாரையும் தேட வேண்டியிருக்காது. மாதம் ஒருமுறை இறப்புக் கூட்டம் போடும்போது அந்த மாதம் ஐ 46 எத்தனை, முதுமை என்று எத்தனை என்று பதிவேட்டுப் பிரிவில் கேளுங்கள். கேட்கிறார்கள் என்று தெரிந்தாலே அந்த எண் குறையும். தனியாக கிளினிக் வைத்திருப்பவர்கள் நாள்பட்ட நோயாளிகளுக்கு ஒரு சின்ன அட்டை எழுதிக் கொடுத்து வையுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் அவர்களில் ஒருவர் இறந்தாலும் வேறு டாக்டருக்கு அது உதவும்.

கடைசியாக ஒன்று. குறியீடு போடும் மேசையில் இருப்பவர் சந்தேகம் கேட்டு உங்களுக்குப் போன் செய்வார். கையெழுத்து புரியாமல் இருக்கலாம், (ஆ)-வும் (இ)-யும் தலைகீழாக இருக்கலாம். நோயின் பெயரைத் தானாகத் திருத்த அவருக்கு அனுமதியில்லை, நீங்கள் சொன்னால்தான் முடியும். பணி நெருக்கடியில் அந்த அழைப்பை எடுக்க முடியாமல் போனால், மறுநாளாவது திரும்பக் கூப்பிடுங்கள். இருபத்தோரு நாளுக்குள் படிவம் போய்ச் சேர வேண்டும், அதன் பிறகு அந்த வரியை யாராலும் எளிதில் மாற்ற முடியாது.

அன்புடன்,
ஓய்வுபெற்ற மருத்துவப் பதிவேட்டு ஊழியர்,
சிங்காநல்லூர்